நோவா காலத்து வெள்ளம் நிஜமாவே வந்துச்சா?

கடவுள் வெள்ளத்தால உலகத்தை அழிச்சப்ப நோவா குடும்பமும் மிருகங்களும் பேழைங்கற பெரிய கப்பல்ல தப்பிச்சாங்கன்னு பைபிள் சொல்ற கதை நடந்ததா இல்ல கட்டுக்கதையான்னு கேட்டா பொதுவா ரெண்டு பதில்தான் வரும். ஒரு பக்கம் "வேதத்துல இருக்கு, அப்புறம் என்ன கேள்வி"ன்னு முடிச்சிடுவாங்க, இன்னொரு பக்கம் "உலகம் பூரா தண்ணியாம், எல்லா மிருகமும் ஒரே கப்பல்லயாம், போங்கய்யா"ன்னு சிரிச்சிட்டு போயிடுவாங்க. ரெண்டுமே சோம்பேறித்தனம்தான்னு எனக்கு தோணுது, ஏன்னா இந்தக் கதைக்கு பின்னாடி தோண்டி எடுத்த களிமண் பலகைங்க இருக்கு, மண்ணுக்கடியில வண்டல் அடுக்கு இருக்கு, கடலடியில செஞ்ச ஆராய்ச்சி இருக்கு, அதையெல்லாம் பாக்காம ஆமா இல்லன்னு சொல்றதுல என்ன சுவாரசியம்?

உலகம் முழுக்க மலையெல்லாம் மூடுற அளவுக்கு வெள்ளம்ங்கறதை மட்டும் சீக்கிரம் முடிச்சிடலாம். எவரெஸ்ட் 8,849 மீட்டர், அதை மூடணும்னா இப்ப எல்லா கடல்லயும் இருக்கற தண்ணியைப் போல இன்னும் மூணு மடங்குக்கு மேல வேணும். காத்துல இருக்கற ஈரம் மொத்தத்தையும் மழையா கொட்டினாக்கூட பூமி மேல சராசரியா ஒரு அங்குலம்தான் நிக்கும். 17-ஆம் நூற்றாண்டுல ஜேம்ஸ் அஷர்னு ஒரு பிஷப் பைபிள் வம்ச வரலாறை வெச்சு கணக்கு போட்டு வெள்ளம் வந்தது கி.மு. 2348 வாக்குலன்னார், அந்த சமயத்துல எகிப்துல பெரிய பிரமிடு கட்டி 200 வருஷம் ஆகியிருந்துச்சு, அங்க ராஜாக்கள் பாட்டுக்கு ஒருத்தருக்கு அப்புறம் ஒருத்தர்னு ஆண்டுக்கிட்டு இருந்தாங்க, வெள்ளம் வந்த சுவடே இல்ல. கிரீன்லாந்து பனி அடுக்கு ஒரு லட்சம் வருஷத்துக்கு மேல தொடர்ச்சியா இருக்கு, ஐரோப்பாவுல மர வளையக் கணக்கு 12,000 வருஷம் இடைவெளி இல்லாம போகுது. அதனால உலகப் பிரளயம் வரலாறுல இல்ல. சரி, வேற ஏதாவது ஒரு நிஜ வெள்ளம் இந்தக் கதைக்குள்ள ஒளிஞ்சிருக்கா? அதுதான் கேக்க வேண்டிய கேள்வி.

இதுக்கு லண்டன்ல இருந்து ஆரம்பிக்கணும். ஜார்ஜ் ஸ்மித்னு ஒருத்தர், பெரிய படிப்பெல்லாம் கிடையாது, நோட்டு அச்சடிக்கற தகடு செதுக்குற தொழில் கத்துக்கிட்டவர், மதிய சாப்பாட்டு நேரத்துல பிரிட்டிஷ் மியூசியத்துக்கு ஓடிப்போய் ஆப்பெழுத்து (களிமண்ணுல ஆப்பு மாதிரி குத்தி எழுதின பழங்கால இராக் எழுத்து) படிக்க தானா கத்துக்கிட்டார். இப்ப வட இராக்ல இருக்கற நினிவேல அசீரிய ராஜா அசூர்பனிபாலோட நூலகத்துலேருந்து வந்த உடைஞ்ச களிமண் பலகைங்களை ஒட்டிப் பாக்கற வேலை அவருக்கு கிடைச்சுது. 1872-ல ஒரு துண்டை படிச்சிட்டே வரும்போது ஒரு கப்பல் மலை மேல தங்கி நிக்குது, ஒரு புறாவை பறக்க விடுறாங்க, அது உக்கார எடமில்லாம திரும்பி வருதுன்னு வருது. மனுஷனுக்கு தலைகால் புரியல. அந்த டிசம்பர் 3-ஆம் தேதி ஒரு கூட்டத்துல இதை படிச்சார், பிரதமர் கிளாட்ஸ்டோனே வந்து கேட்டார்னா எவ்வளவு பரபரப்பு இருந்திருக்கும் பாருங்க. டெய்லி டெலிகிராஃப் பத்திரிகை 1,000 கினி பணம் குடுத்து அவரை இராக் பக்கம் அனுப்பிச்சு, 1873-ல போய் தோண்டி இன்னொரு வெள்ளக் கதை துண்டையும் எடுத்துட்டு வந்துட்டார், அதிர்ஷ்டம்னா அப்படி ஒரு அதிர்ஷ்டம்.

அவர் படிச்சது கில்காமேஷ்ங்கற ராஜாவைப் பத்தின பழங்கால காவியத்தோட 11-ஆவது பலகை. அதுல நோவா எடத்துல இருக்கறவர் பேரு உத்னபிஷ்டிம். மனுஷங்களை வெள்ளத்துல அழிக்கறதுன்னு தேவர்கள் கூடி முடிவு பண்றாங்க, யாரும் மனுஷன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வேற. ஏயாங்கற தேவன் என்ன பண்றான்னா, மனுஷன்கிட்ட பேசாம நாணல் சுவத்தைப் பாத்து பேசுறான், "நாணல் சுவரே, கேளு, வீட்டை இடி, படகு கட்டு"ன்னு. சுவத்துக்கு அந்தப் பக்கம் ஆளு கேட்டுக்கறான், சத்தியமும் மீறல. அப்புறம் படகு, கீல் (தார் மாதிரி ஒண்ணு) பூசறது, ஆறு நாள் ஏழு ராத்திரி புயல், நிமுஷ் மலையில தங்கறது, புறா போகுது திரும்புது, தகைவிலான் குருவி போகுது திரும்புது, காக்கா போகுது, அது திரும்பல. வெளிய வந்து பலி குடுக்கறான், வெள்ளத்துல மனுஷங்க செத்ததால படையல் இல்லாம பட்டினி கெடந்த தேவர்கள் வாசனைக்கு ஈ மாதிரி மொய்க்கறாங்கன்னு கவிஞர் எழுதியிருக்கார். நோவா கதை வர்ற பைபிளோட முதல் புத்தகமான ஆதியாகமத்துலயும் காக்கா போகுது, புறா போகுது, பலி குடுத்ததும் கர்த்தர் சுகந்த வாசனையை முகர்ந்தார்னு வருது. தனித்தனியா ரெண்டு பேரு யோசிச்சு இவ்வளவு ஒத்துப்போக வாய்ப்பே இல்ல.

இதை விட பழசும் இருக்கு. ஸ்மித் 1873-ல கொண்டு வந்தது வேற ஒரு கவிதையோட துண்டுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது, அத்ரஹாசிஸ் கதை. அதோட நல்ல பிரதி ஒண்ணு கி.மு. 17-ஆம் நூற்றாண்டுல பாபிலோன் ராஜா அம்மிசதுகா காலத்துல எழுதினது. இதுல வெள்ளத்துக்கு காரணம் பாவம் இல்ல, சத்தம்! மனுஷங்க பெருகி ஒரே இரைச்சல், என்லில் தேவனால தூங்க முடியல, முதல்ல கொள்ளை நோய் விடறான், பஞ்சம் விடறான், எதுக்கும் அடங்கல, கடைசியா வெள்ளம். தெற்கு இராக்ல நிப்பூர்ல கெடைச்ச, அங்க பழங்காலத்துல பேசின சுமேரிய மொழிப் பலகையில நோவா எடத்து ஆளு பேரு சியுசுத்ரா. ஆக ஆதியாகமம் எழுதப்படறதுக்கு பல நூறு வருஷம் முன்னாடியே இந்தக் கதை மெசபடோமியாவுல (இப்ப இராக் இருக்கற பகுதி) பல ஊர்ல பல பேர்ல ஓடிக்கிட்டு இருந்துச்சு. கி.மு. 586-ல எருசலேம் விழுந்து யூதர்களை பாபிலோனுக்கு கொண்டுபோனப்ப அங்க கேட்டிருப்பாங்கன்னு சிலர் சொல்றாங்க, ஆனா அவ்வளவு தூரம் போகணும்னே அவசியம் இல்ல, இப்ப இஸ்ரேல்ல இருக்கற மெகிதோவுல கில்காமேஷ் பலகை துண்டு ஒண்ணும் சிரியா கடற்கரையில உகாரித்ல வெள்ளக் கதை துண்டு ஒண்ணும் கெடைச்சிருக்கு, ரெண்டுமே சிறையிருப்புக்கு பல நூறு வருஷம் முந்தினது. அந்தப் பக்கத்துக்கு கதை எப்பவோ வந்து சேர்ந்தாச்சு.

அப்ப கேள்வி நோவாவை விட்டு தெற்கு இராக்குக்கு போகுது. யூப்ரடீஸ், டைகிரிஸ் ரெண்டு ஆறுக்கும் நடுவுல இருக்கற பூமி எவ்வளவு தட்டைன்னா, பாக்தாத் கடல்லேருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ள இருக்கு, ஆனா உயரம் வெறும் 35 மீட்டர் சுத்தி. ஆறு கொண்டு வர்ற வண்டல் அடியில படிஞ்சு படிஞ்சு ஆத்துப் படுகையே சுத்தி இருக்கற வயலை விட மேல ஏறிடும், கரை ஒரு எடத்துல ஒடைஞ்சா போதும், தண்ணி திரும்பி ஆத்துக்குள்ள போகவே வழியில்ல, ஊர்லயே நிக்கும். அதுவும் வெள்ளம் வர்ற நேரம் இருக்கே, வடக்க தாரஸ், ஜாக்ரோஸ் மலைப் பனி உருகி ஏப்ரல் மே வாக்குல வரும், கதிர் முத்தி அறுக்கற சமயம். நைல்ல அப்படி இல்ல, கோடை கடைசியில கிட்டத்தட்ட நாள் பாத்து வர்ற வெள்ளம், வடிஞ்சதும் விதைக்கலாம், அங்க வெள்ளம்னா வரம். எகிப்து புராணத்துல இப்படி எல்லாரையும் மூழ்கடிச்சு ஒருத்தனை படகுல காப்பாத்தற கதை பெரிசா எடம் பிடிக்காததுக்கு இதைத்தான் காரணமா நான் நினைக்கிறேன்.

சரி, மண்ணுல ஆதாரம் இருக்கா? 1929-ல லியோனார்ட் வூலி ஊர் நகரத்துல தோண்டிக்கிட்டு இருந்தார் (ஊர்ங்கறதே அந்த நகரத்தோட பேரு, ஆபிரகாம் ஊர்னு சொல்றாங்களே அது). ராஜ கல்லறைங்களுக்கு கீழ போகப் போக பானை ஓடு, குப்பை எல்லாம் நின்னுபோய் சுத்தமான வண்டல் வந்துச்சு, வேலையாள் "அவ்வளவுதான், கன்னி மண்ணு வந்தாச்சு"ன்னான், இவர் மட்டத்தை அளந்து பாத்துட்டு கன்னி மண்ணு இவ்வளவு மேல இருக்க முடியாதே, இன்னும் தோண்டுன்னார். 8 அடிக்கு மேல வெறும் வண்டல், அதுக்கு கீழ மறுபடியும் பானை ஓடு, கல் ஆயுதம், மனுஷன் வாழ்ந்த எடம். கூட இருந்தவங்களை கூப்பிட்டு இது என்னன்னு கேட்டா யாருக்கும் தெரியல, அவர் மனைவி வந்து ஒரு பார்வை பாத்துட்டு "வேற என்ன, பிரளயம்தான்"னு சொல்லிட்டு போயிட்டாங்களாம். பேப்பர்ல எல்லாம் நோவா வெள்ளம் கண்டுபிடிப்புன்னு பெரிய செய்தி.

ஆனா அங்கேருந்து சுமார் 20 கிலோமீட்டர்ல இருக்கற எரிதுவுல அந்த அடுக்கு இல்ல! ஊர் நகரத்துலயே வேற குழிங்க சிலதுல இல்ல. கிஷ் நகரத்துலயும் வெள்ள அடுக்கு கெடைச்சுது, ஆனா அது பல நூறு வருஷம் பிந்தினது. அதாவது ஒவ்வொரு ஊருக்கும் அவங்க அவங்க வெள்ளம், வேற வேற காலத்துல. வூலியே உலகம் முழுக்கன்னு சொல்லல, அந்தச் சமவெளி அளவுலதான் சொன்னார், தலைப்பு போட்டவங்கதான் மீதியை சேர்த்துக்கிட்டாங்க.

எனக்கு வூலியோட 8 அடியை விட சுருப்பாக் நகரத்துல கெடைச்ச 2 அடிதான் முக்கியமா படுது. 1931-ல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து எரிக் ஷ்மிட் அங்க தோண்டினப்ப சுமார் 60 சென்டிமீட்டர் ஆத்து வண்டல் கெடைச்சுது, காலம் கி.மு. 2900 வாக்குல. பெரிய வெள்ளம்னு சொல்ல முடியாது, ஆனா எடத்தைப் பாருங்க. கில்காமேஷ் காவியத்துல உத்னபிஷ்டிம் எந்த ஊரு? சுருப்பாக். சுமேரிய ராஜாக்கள் பட்டியல்னு ஒண்ணு இருக்கு, அதுல வெள்ளத்துக்கு முன்னாடி 8 ராஜா, 5 நகரம், ஆளாளுக்கு பத்தாயிரக்கணக்கான வருஷ ஆட்சி, கடைசி நகரம் சுருப்பாக், அப்புறம் "வெள்ளம் அடிச்சிட்டு போச்சு", அப்புறம் ஆட்சி கிஷ் நகரத்துக்கு போச்சுன்னு வருது. கதை சொல்ற ஊர்லயே ஒரு பழைய நகரம் முடிஞ்சு அடுத்த காலம் ஆரம்பிக்கற எல்லையில வண்டல் அடுக்கு. உருக் நகரத்துலயும் கிட்டத்தட்ட அதே காலத்து அடுக்கு ஒண்ணு பேசப்படுது. நோவா கதைக்கு ஒரே ஒரு நிஜ வெள்ளத்தை கை காட்டுன்னு கழுத்துல கத்தி வெச்சு கேட்டா நான் இதைத்தான் காட்டுவேன்.

இதுலயும் ஒரு முள்ளு இருக்கு, மறைக்கக் கூடாது. அந்த ராஜாக்கள் பட்டியலோட இப்ப கெடைச்சிருக்கற ரொம்ப பழைய பிரதி, கி.மு. 2000-க்கு கொஞ்சம் முந்தினது, அதுல வெள்ளமே கிடையாது, நேரா கிஷ்லேருந்து ஆரம்பிக்குது. வெள்ளத்துக்கு முந்தின ராஜாக்கள் பகுதி பின்னாடி ஒட்டினதுன்னுதான் பெரும்பாலானவங்க நினைக்கறாங்க. அப்ப 2900 வெள்ளத்துக்கும் அதைப் பத்தி நமக்கு கெடைச்ச எழுத்துக்கும் நடுவுல ஆயிரம் வருஷம் காலியா கெடக்கு.

இந்த எடத்துலதான் கருங்கடல் ஆளுங்க உள்ள வர்றாங்க. 1997-ல வில்லியம் ரயன், வால்டர் பிட்மன்னு ரெண்டு கடலாராய்ச்சி விஞ்ஞானிகள் ஒரு கணக்கு சொன்னாங்க: பனியுகத்துல கருங்கடல் ஒரு நன்னீர் ஏரி, மட்டம் ரொம்ப கீழ, கி.மு. 5600 வாக்குல மத்தியதரைக் கடல் பொங்கி பாஸ்போரஸ் நீரிணை வழியா ஒடைச்சிக்கிட்டு உள்ள விழுந்துச்சு, நயாகராவைப் போல 200 மடங்கு, கரையோர மக்கள் ஓடினாங்க, அந்த ஞாபகம்தான் கதையாச்சு. டைட்டானிக்கை கண்டுபிடிச்ச ராபர்ட் பாலார்டு வேற போய் தண்ணிக்கடியில பழைய கரையை பாத்தார், கீழ நன்னீர் சிப்பி, மேல கடல் சிப்பின்னு ஆதாரமும் வந்துச்சு, டிவிக்காரங்களுக்கு இதை விட என்ன வேணும். பின்னாடி வந்த ஆய்வுங்க காத்தை எறக்கி விட்டுடுச்சு, 2009-ல டான்யூப் ஆறு கருங்கடல்ல சேர்ற டெல்டாவுல துளை போட்டு பாத்தவங்க ஏரி மட்டம் இப்ப இருக்கறதுக்கு சுமார் 30 மீட்டர்தான் கீழ இருந்துச்சு, ஏறினது 5-லேருந்து 10 மீட்டர் இருக்கலாம்னு சொன்னாங்க. சண்டை இன்னும் முடியல.

பாரசீக வளைகுடா விஷயம் அவ்வளவு பிரபலம் இல்ல, ஆனா அறிவியல்ல சந்தேகம் கம்மி. 20,000 வருஷத்துக்கு முன்னாடி கடல் மட்டம் இப்ப இருக்கறதை விட 120 மீட்டர் சுத்தி கீழ. வளைகுடாவோட சராசரி ஆழமே 35 மீட்டர்தான், அதனால முழுசும் காஞ்ச சமவெளி, நடுவுல ஆறு. பனி உருக உருக சுமார் 14,000 வருஷத்துக்கு முன்னாடி ஹோர்முஸ் வழியா கடல் உள்ள வர ஆரம்பிச்சு, 6,000 வருஷத்துக்கு முன்னாடி இப்ப இருக்கற கரையையும் தாண்டி கொஞ்சம் உள்ள போய் நின்னுச்சு. கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர், எட்டாயிரம் வருஷம், சராசரி போட்டா வருஷத்துக்கு நூறு மீட்டருக்கு மேல கடல் நடந்து வந்திருக்கு. சுமேரியர்களோட முன்னோர் அங்கேருந்து ஒதுங்கி வந்தவங்கன்னா கதை அவங்ககூட வந்திருக்கலாமேன்னு ஒரு வாதம்.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு வாதத்துலயும் ஒரே ஓட்டை: அந்தத் தண்ணி வடியவே இல்ல. கருங்கடல் இன்னும் கருங்கடலாத்தான் இருக்கு, வளைகுடாவுல இன்னும் கப்பல்தான் ஓடுது. நோவா கதையிலயோ அத்தனை பதட்டமும் எப்ப வடியும்ங்கறதுலதான் இருக்கு, 150 நாள், அப்புறம் மலை உச்சி தெரியுது, காக்காவை விடு, புறாவை விடு, ஒலிவ இலை வருது, தரை காயுது, எறங்கி அதே பூமியில மறுபடி விவசாயம். இது ஆத்து வெள்ளத்தை பாத்தவன் சொன்ன கதை, கடல் ஊரை முழுங்கினதை பாத்தவன் சொன்னது இல்ல.

கதாநாயகன் எங்கயாவது எறங்கித்தானே ஆகணும், அதுக்காக வடிய வெச்சிருக்கலாமேன்னு கேப்பீங்க. நியாயம்தான். அதுக்கு கடல் ஏறினதை நிஜமாவே ஞாபகம் வெச்சிருக்கற ஜனங்க எப்படி கதை சொல்றாங்கன்னு பாக்கணும். ஆஸ்திரேலியா பழங்குடி மக்கள்கிட்ட கரையோரம் நெடுக இப்படி கதைங்க இருக்கு, 2016-ல பேட்ரிக் நன், நிக்கலஸ் ரீட் ரெண்டு பேரும் 21 எடத்துக் கதைங்களை தொகுத்தாங்க, 7,000 வருஷத்துக்கு முந்தின கடலேற்றம் அதுல இருக்குன்னு அவங்க வாதம். மெல்போர்ன் பக்கத்து போர்ட் பிலிப் விரிகுடா ஒரு காலத்துல கங்காரு வேட்டையாடின சமவெளின்னு கதை. படகு இல்ல, பறவை இல்ல, வடியறதும் இல்ல, "இங்க முன்னாடி நிலம் இருந்துச்சு, இப்ப கடல்", அவ்வளவுதான்.

வாய்மொழி ஞாபகம் வேலை செய்யும்ங்கறதுல எனக்கு சந்தேகம் இல்ல. இந்தோனேசியாவுல சிமெலுவே தீவுல 1907-ல சுனாமி வந்து நிறைய பேர் செத்தாங்க, அதுக்கப்புறம் நிலம் நல்லா ஆடி கடல் உள்வாங்கினா மேட்டுக்கு ஓடுன்னு பாட்டாவும் கதையாவும் பேரப்பிள்ளைங்களுக்கு சொல்லி வெச்சாங்க, 2004-ல தீவுல 70,000 பேருக்கு மேல இருந்தும் செத்தவங்க 7 பேர்தான். ஆனா அந்த ஞாபகத்துல அடையாளம் எல்லாம் பத்திரமா இருக்கு, எது முன்னாடி வரும் எது பின்னாடி வரும்னு. நோவா கதையில அப்படி என்ன அடையாளம் மிஞ்சியிருக்குன்னு தேடினா, கிடைக்கறதெல்லாம் தெற்கு இராக்தான். நாணல் வீடு. உள்ளயும் வெளியயும் பூசற கீல், அது யூப்ரடீஸ் கரையில ஹித்ங்கற ஊர்ல தரையிலேருந்து தானா ஊறி வர்ற சாமான். 2014-ல பிரிட்டிஷ் மியூசியத்து இர்விங் ஃபிங்கல் வெளியிட்ட ஒரு பலகை, கி.மு. 1900-லேருந்து 1700-க்குள்ள எழுதினது, பேழையை வட்டமா கட்டச் சொல்லுது, கயிறு சுத்தி சுத்தி கீல் பூசி, நம்ம பரிசல் மாதிரியேதான், ஆனா விட்டம் 70 மீட்டர் சுத்தி! இராக்ல அந்த வட்டப் படகை குஃபான்னு சொல்லுவாங்க, போன நூற்றாண்டு வரைக்கும் ஆத்துல ஓடிச்சு. ஆத்துக்காரன் கைக்கு பழகின படகை எடுத்து கதைக்காக பெரிசாக்கிட்டான், ஆதியாகமத்துக்கு வரும்போது அது 300 முழ நீளத்துல மூணு தட்டுப் பெட்டியா மாறிடுச்சு.

உலகம் பூரா வெள்ளக் கதை இருக்கே, அப்ப எல்லாத்துக்கும் ஒரே வெள்ளம்தானேன்னு அடிக்கடி ஒரு கேள்வி வரும். கதைங்களை பக்கத்துல வெச்சு படிச்சா அந்த எண்ணம் போயிடும். சீனாவுல யூ மகாராஜா படகுல தப்பிக்கல, வாய்க்கால் வெட்டி வெள்ளத்தை வடிச்சு அதனாலேயே ராஜாவானார், அது நீர் மேலாண்மைக் கதை. நம்ம ஊர் வேதகால நூல் சதபத பிராமணத்துல மனுவை காப்பாத்தறது மீன், கயித்தை கொம்புல கட்டி வடக்கு மலைக்கு இழுத்துட்டு போகுது, பாகவதத்துல அதே ஆளு சத்யவிரதன்ங்கற திராவிட ராஜாவா கிருதமாலா ஆத்துல நிக்கிறார். மனு கதைக்கும் மெசபடோமியாவுக்கும் தொடர்பு இருக்கலாம்னு வாதாடறவங்க இருக்காங்க, யூ கதைக்கு அந்தப் பேச்சே இல்ல. ஆத்தங்கரையில ஊரு கட்டின ஜனங்க எல்லார்கிட்டயும் வெள்ளக் கதை இல்லன்னாத்தான் ஆச்சரியம்.

கடைசியா அரராத் மலையில பேழை தேடறவங்களைப் பத்தி. ஆதியாகமம் ஒரு மலையை சொல்லல, அரராத் மலைகள்னுதான் சொல்லுது, அது உரார்ட்டுங்கற ஒரு பழைய நாடு முழுக்க. குர்ஆன்ல நூஹ் நபி கப்பல் தங்கினது ஜூதி, கில்காமேஷ்ல நிமுஷ், ஆளுக்கொரு மலை. துருக்கியில 1959-ல விமானப் படத்துல கப்பல் மாதிரி தெரிஞ்ச துருபினார் மேடு இன்னிக்கும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது "பேழை கிடைச்சிடுச்சு"ன்னு செய்தியா சுத்தி வரும், நிலவியலாளர்கள் அது இயற்கையா உருவான மேடுன்னு எத்தனை தடவை சொன்னாலும் சரி. உண்மையிலேயே அந்தக் காலத்து படகு என்ன ஆகும்னு பாக்கணும்னா குவைத்ல அஸ்ஸபியாவுக்கு போகணும். அங்க 7,000 வருஷத்துக்கு முந்தின குடியிருப்புல கீல் கட்டிங்க கெடைச்சிருக்கு, நாணல் மக்கிப் போச்சு, கீல் மட்டும் மிச்சம், ஒரு பக்கம் நாணல் கட்டோட தடம், மறு பக்கம் கடல்ல கெடந்தப்ப ஒட்டின பார்னக்கிள்ங்கற ஓட்டு உயிரிங்க. பழைய படகைப் பிரிச்சு, அந்தக் கீலை திரும்ப உருக்கிக்கலாம்னு எடுத்து வெச்சிருந்திருக்காங்க போல.